ஒரே கோட்டில் இரண்டு ஊர்கள்: மதுரையும் கொச்சியும்

(மதுரைக் கல்லூரி ஒன்றின் புவியியல் மன்றத்தில், ஆடி மாத மாலையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வைகைக் கரையில் நின்று நேர் மேற்கே ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனால், அது ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவில் கொச்சிக்கு அருகே அரபிக்கடலில் இறங்கும். இரண்டு ஊர்களுமே 10 டிகிரி வட அட்சக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கில் இருப்பவை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் சூரியன் இரண்டு ஊர்களுக்கும் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த கம்பின் நிழல் நண்பகலில் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. வெயிலைப் பங்கிட்டதில் வானம் வஞ்சனை செய்யவில்லை. மழையில்தான் கணக்கு மாறுகிறது: கொச்சிக்கு ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர், மதுரைக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டிய அளவு. பள்ளி வரைபடத்தில் 'வெப்பமண்டலம்' என்று ஒரே வண்ணம் தீட்டிக் காட்டப்படும் பரப்புக்குள்தான் இந்த இரண்டும் அடங்குகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காரணம் இடையில் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது சரியான விடைதான். ஆனால் அந்த மலை என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் விடையின் முழுப் பொருளும் விளங்கும். கொச்சியிலிருந்து மதுரைக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 85 இதற்கு ஒரு நல்ல பாடநூல். மூவாற்றுப்புழையும் கோதமங்கலமும் கடந்து நேரியமங்கலம் வரும்போது மழை வலுக்கிறது. கேரளத்தின் சிரபுஞ்சி என்று அந்த ஊருக்கு ஒரு பெயரே உண்டு. அடிமாலி, மூணாறு, தேவிகுளம் என்று சாலை ஏறிக்கொண்டே போகிறது. பிறகு போடிமெட்டு வருகிறது. அங்கிருந்து அடுத்தடுத்த கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறங்கிப் போடிநாயக்கனூரை அடைவதற்குள் காடு புதராகி, ஈரக் காற்று உலர் காற்றாகிவிடுகிறது. மேற்கே மெல்ல மெல்ல ஏறும் மலை, கிழக்கே சுவர்போல் இறங்குகிறது.

ஜூன் தொடக்கத்தில், மலையாளிகள் இடவப்பாதி என்று அழைக்கும் தென்மேற்குப் பருவத்தில், கடலிலிருந்து வரும் காற்று இந்தச் சரிவில் ஏற வேண்டியிருக்கிறது. ஏறும் காற்று குளிர்கிறது. குளிரும்போது அதிலுள்ள ஆவி நீராகி மழையாகக் கொட்டுகிறது. ஆவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் அக்காற்றிலேயே தங்கிவிடுவதால், அது ஆயிரம் மீட்டருக்கு ஐந்து அல்லது ஆறு டிகிரிதான் குளிர்கிறது. முகட்டைத் தாண்டி ஈரத்தை இழந்த காற்று கிழக்கே இறங்கும்போதோ ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து டிகிரி சூடேறுகிறது. ஆகவே மலை நம் மழையைத் தடுத்து நிறுத்துவதோடு ஓய்வதில்லை; வரும் காற்றைச் சூடாக்கியும் அனுப்புகிறது. ஜூலையில் கொச்சியின் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும்போது மதுரையில் 36, 37 என்று பதிவாவது இதனால்தான். அங்கே ஆண்டின் கடும் வெப்பம் மார்ச், ஏப்ரலோடு தணிந்துவிடுகிறது; இங்கே அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் அனல் விடுவதில்லை.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்கிறோமே, அந்தக் காற்று வேறு எங்கிருந்தும் வருவதில்லை. கொச்சியில் கூரைகளை நனைத்த அதே காற்று, தன்னிடமிருந்த நீரை மலையில் இறக்கி வைத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடைவெளிகளில் நெருக்குண்டு வேகம் பிடித்து நம்மிடம் வருகிறது. தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். இந்த அரங்கின் ஜன்னல்கள் இப்போது அடித்துக்கொள்வதையும் நீங்கள் கேட்கிறீர்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். மதுரையின் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பதிவாகிறது. அதைக் கொண்டு நமக்கும் தென்மேற்குப் பருவமழை கணிசமாகக் கிடைக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் பெரும்பகுதி ஆகஸ்டு, செப்டம்பர் மாலைகளில் இடி மின்னலோடு பெய்யும் வெப்பச் சலன மழை. பகலெல்லாம் காய்ந்த தரை காற்றை மேலே எழுப்ப, ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டு ஓய்ந்துவிடும்; கோரிப்பாளையத்தில் பெய்யும்போது திருப்பரங்குன்றத்தில் வெயில் அடிக்கும். நாட்கணக்கில் விடாமல் பெய்யும் இடவப்பாதிக்கும் இதற்கும் உறவு குறைவு. நமக்குரிய பருவம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அந்த மாதங்களில் கொச்சிக்கும் துலாவர்ஷம் என்ற பெயரில் மழை உண்டு என்பதும், அங்கே இரண்டாம் பருவமாகக் கருதப்படும் அந்த மழை நம்முடைய முதன்மைப் பருவமழைக்கு அளவில் குறைந்ததன்று என்பதும் நமக்குச் சற்றுப் பொறாமை தரும் செய்திகள்.

மழையின் அளவைவிட அது வரும் நாட்களின் எண்ணிக்கையே நிலத்தின் முகத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். மதுரைக்கு ஆண்டில் கிடைக்கும் மழை நாட்கள் சராசரியாக ஐம்பதுக்கும் குறைவு. கொச்சிக்கு நூறுக்கும் மேல். ஐம்பது நாளில் வருவதை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் தேக்கியாக வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள நிலமோ கடினப் பாறை நிலம்; யானைமலையும் நாகமலையும் பசுமலையும் அந்தப் பாறை தலைகாட்டும் இடங்கள். பாறை வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்குவதால் நிலத்தடியை முழுக்க நம்ப முடியாது. எனவே நம் முன்னோர் சரிவைப் பார்த்துக் கரை போட்டு, நீர் திறக்க மடை வைத்து, மிகை நீர் வழியக் கலுங்கு கட்டி, ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி சங்கிலியாக இணைத்தார்கள். ஆழமில்லாத இந்த நீர்ப்பரப்பிலிருந்து வெயில் எடுத்துக்கொள்ளும் பங்கும் பெரிது.

கொச்சியின் கவலை இதற்கு நேர் எதிரானது. அங்கே நீரைத் தேக்குவதைவிட வடிப்பதே பெரும்பாடு. வேம்பநாட்டுக் காயலும் கடலும் சூழ்ந்த அந்தத் தாழ்நிலத்தில் உவர்நீர் ஏறி இறங்கும் வயல்களில் பொக்காளி நெல் விளைகிறது. அறுவடைக்குப் பின் அதே வயலில் இறால் வளர்க்கிறார்கள். 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாய்வாளர் பலர் கருதுகின்றனர். அங்கே ஆறு துறைமுகத்தைப் படைக்கிறது. நம் வைகையோ பெரும்பாலான ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டிக் கடலைக் காண்பதே இல்லை. வீடுகளிலும் இந்த வேறுபாடு தெரியும். அங்கே நீர் வழிய வேண்டும் என்று சரிந்த ஓட்டுக்கூரை. இங்கே வடாமும் மோர்மிளகாயும் காய வேண்டும் என்று மொட்டைமாடி.

இரண்டு ஊர்களையும் ஒப்பிடும்போது ஒன்றை விட்டுவிட முடியாது. சிவகிரி மலையில் பிறந்து மேற்கே ஓடும் பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பழையது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானியாக, அதாவது முதலமைச்சராக, இருந்த முத்திருளப்பபிள்ளை 1789இலேயே அதற்கு முயன்றார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு அந்த எண்ணம் வேகம் பெற்று, ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கிய அணை வேலை 1895இல் நிறைவேறியது. தேக்கடி நீர்த்தேக்கத்திலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் தண்ணீர், லோயர்கேம்ப்பில் இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்கிறது. காற்றால் மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவர முடியாத நீரைச் சுரங்கம் கொண்டுவருகிறது.

அதனால்தான் ஜூன் மாதம் நாளிதழை விரிக்கும் மேலூர் விவசாயி, தன் ஊருக்கு மேல் மேகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் பெரியாறு அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்க்கிறார். வைகையின் குறுக்கே உள்ள பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான சுமார் 45,000 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணீர் திறக்கப்படுமா, ஒரு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ஒருபோக நிலத்துக்குப் புரட்டாசிக்குள் கிடைக்குமா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவை. மதுரையில் பதிவாகும் 850 மில்லிமீட்டர் கணக்கில் சேராத இடவப்பாதி மழை, இந்த வழியில் கள்ளந்திரி மதகு வரை வந்துவிடுகிறது.