யாருடைய சிரிப்பு?

அனைவருக்கும் வணக்கம். பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுகிறவன் என்று தெரிந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தத் தொடர் பார்க்கலாம், சொல்லுங்க" என்பதைத்தான். இங்கே வரும் வழியிலும் ஒருவர் கேட்டார். பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். அதற்குப் பரிகாரமாக இன்று ஒரு பெட்டியின் கதையைச் சொல்கிறேன்.

1950-களில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் சார்லஸ் டக்ளஸ் என்று ஓர் ஒலிப் பொறியாளர் இருந்தார். அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்து நகைச்சுவை நிகழ்ச்சி எடுக்கும்போது ஒரு தொல்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் கூட்டம் சும்மா இருக்கும். சுமாரான ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிக்கும். இதை ஒலிப்பதிவில் சரிக்கட்டக் கிளம்பிய டக்ளஸ், கடைசியில் சிரிப்புக்கென்றே ஒரு கருவி செய்துவிட்டார். டைப்ரைட்டர் மாதிரி விசைகள், காலடியில் ஒரு மிதி. ஒரு விசையைத் தட்டினால் ஒரு பெண் களுக்கென்று சிரிப்பாள். இன்னொன்றைத் தட்டினால் கூட்டமே வெடிக்கும். சிரிப்பு எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதைக் கால் பார்த்துக்கொள்ளும். தொடரை எடுத்து, வெட்டி ஒட்டி முடித்த பிறகு டக்ளஸ் வந்து உட்கார்ந்து, ஆர்மோனியம் வாசிப்பதுபோலச் சிரிப்பை வாசித்துவிட்டுப் போவார். பெட்டிக்குப் பூட்டு உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாருக்குக் காட்டமாட்டார். பதிவுசெய்த அதே சிரிப்புகள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒலித்தன. சிரித்தவர் காலமான பிறகும் அவர் சிரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்! 1992-இல் டக்ளஸுக்கு, அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் பெரிய விருதான எம்மியும் கொடுத்தார்கள்.

ஏமாற்று வேலை என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நாடகக் கொட்டகையிலும் சினிமா அரங்கிலும் கூட்டத்தோடு சிரித்துப் பழகியவரைத் தொலைக்காட்சி தனியே ஒரு அறையில் உட்காரவைத்தது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது வாய்விட்டுச் சிரிக்க நமக்கே கொஞ்சம் கூச்சம். போன கூட்டத்தை அந்தப் பெட்டி திரும்பக் கொண்டுவந்தது. பொய்க் கூட்டம்தான், தேவை என்னவோ உண்மை.

கதையில் எனக்குப் பிடித்த கட்டம் 1972-இல் வருகிறது. 'மேஷ்' என்று ஒரு தொடர். கொரியப் போர், போர்முனைக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்ட மருத்துவமனை, ஓயாமல் கிண்டலடிக்கும் டாக்டர்கள். சிரிப்பொலி வேண்டாம் என்றார்கள் தயாரித்தவர்கள். இருந்தே ஆக வேண்டும் என்றது சேனல். இழுபறிக்குப் பிறகு ஒரு சமரசம்: அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கிடையாது. கூடாரத்தில் டாக்டர் ஒரு கிண்டல் அடித்தால் கூட்டம் சிரிக்கிறது. அதே டாக்டர் முகமூடி கட்டிக்கொண்டு, கையெல்லாம் ரத்தத்தோடு அதே தரத்தில் ஒரு கிண்டல் அடிக்கிறார். ஒரு சத்தமும் இல்லை. இடுக்கி வைக்கும் சத்தம்தான் கேட்கிறது. முதல் ஜோக் அவருடைய குறும்பு என்று நினைத்தோம். இரண்டாவதைக் கேட்கும்போது, இந்த மனிதர் உடைந்துபோகாமல் இருக்கத்தான் பேசிக்கொண்டே இருக்கிறாரோ என்று தோன்றிவிடுகிறது. பிரிட்டனில் பி.பி.சி. பெரும்பாலும் சிரிப்பொலியே இல்லாமல் ஒளிபரப்பியது. ஆக, ஒரே தொடரை இரண்டு நாட்டுக்காரர்கள் இரண்டு தொடர்களாகப் பார்த்திருக்கிறார்கள்.

விமர்சனம் என்று நான் சொல்வது இப்படிப்பட்ட இடத்தில் விரல் வைப்பதைத்தான். நல்லாருக்கு, நல்லால்லை என்பதெல்லாம் அப்புறம். பழைய நகைச்சுவைத் தொடர்களின் காட்சிகளிலிருந்து சிரிப்பை மட்டும் உருவிவிட்டு இணையத்தில் போடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். நாயகன் ஏதோ சொல்லிவிட்டு மூன்று விநாடி எதிரே இருப்பவரை வெறித்துப் பார்ப்பான். நமக்கு முதுகு சில்லிடும். ஒரு வார்த்தை எழுதாமல் செய்த விமர்சனம் அது. கொஞ்சம் அநியாயமும் உண்டு: நிஜப் பார்வையாளர்கள் முன்னால் நடித்தவர், அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்றுதான் நின்றார். சிரிப்பை எடுத்துவிட்டு அவரைப் பைத்தியக்காரன் ஆக்குவது சரியா?

பெட்டி இப்போது வழக்கொழிந்து வருகிறது. ஆனால் ரியாக்‌ஷன் வீடியோ பார்க்கிறோமே, அது என்ன? ஒரு மூலையில் காட்சி ஓடுகிறது, இன்னொரு மூலையில் ஒருவர் வாயைப் பிளக்கிறார், கண் கலங்குகிறார். டக்ளஸின் சிரிப்புக்கு முகம் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் இதைக் குறை சொல்லவில்லை. நள்ளிரவில் நானும் பார்க்கிறேன்.

எனக்கு உறுத்துவது சதவீதம். விமர்சகர்கள் எழுதுவதையெல்லாம் திரட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் தளம் ராட்டன் டொமேட்டோஸ், 1998-இல் தொடங்கியது. அதில் ஒரு படத்துக்கு 90 என்று இருந்தால் அது மதிப்பெண் கிடையாது. நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் சாதகமாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். தொண்ணூறு பேரும் "பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாலும் 90தான். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் கரித்துக்கொட்டிய படத்துக்கு 50. அறுபதுக்குக் கீழே போனாலே படத்துக்குப் பக்கத்தில் நசுங்கிய பச்சைத் தக்காளிப் படம் போட்டுவிடுவார்கள், தேறவில்லை என்பதற்கு அடையாளமாக. எனக்கென்றால் அந்த ஐம்பதைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும். அங்கேதான் சண்டை நடந்திருக்கிறது.

சரி, பேச்சு போதும். ஒரு காட்சி கொண்டுவந்திருக்கிறேன், மூன்று நிமிடம். முதலில் சிரிப்பொலியோடு, அப்புறம் அது இல்லாமல். இரண்டாவது முறை ஓடும்போது நீங்கள் எந்த இடத்தில் சிரிக்கிறீர்கள் என்று நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். விளக்கை அணைத்துவிடுங்கள்.