யாருடைய தாள், யாருடைய சொல்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், கிளைத் தோழர்களுக்கும், இந்தத் தமிழ்ப் பள்ளிக் கூடத்தை நமக்காகத் திறந்துவிட்ட அன்பர்களுக்கும் என் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் நம் கட்சியான ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசுக்குள் கைபேசி வழியாக நடைபெறும் விவாதங்களைக் கொஞ்ச காலமாகக் கவலையுடன் பார்த்து வருகிறேன். ஒருவர் ஒரு செய்தியைச் சான்றாகக் காட்டுகிறார். அடுத்தவர் அதைப் படிக்காமலே, "அது அவர்களுடைய பத்திரிகை" என்று தள்ளிவிடுகிறார். பிறகு தம் தரப்புக்கு உகந்த ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து வைக்கிறார். அதுவும் அதே சொல்லால் தள்ளப்படுகிறது. தண்ணீர் வரத்தைப் பற்றியோ வேட்பாளர் தேர்வைப் பற்றியோ பேசத் தொடங்கியவர்கள், நள்ளிரவில் ஒருவரையொருவர் விலைபோனவர் என்று ஏசி முடிக்கிறார்கள். மறுநாள் காலை அதே மனிதர்கள் ஒரே மேசையில் அமர்ந்து தீர்மானம் எழுத வேண்டியிருக்கிறது.

சார்புள்ள பத்திரிகையை மேற்கோள் காட்டவே கூடாது என்று விதி செய்யச் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் 'கட்சி' என்ற சொல்லுக்கே தரப்பு என்ற பொருள் உண்டு. நீதிமன்றத்தில் வழக்காடுபவரைக் கட்சிக்காரர் என்றுதான் அழைக்கிறோம். கட்சிக்காரரும் கூண்டில் ஏறிச் சாட்சியம் சொல்லலாம். அது வழக்கில் ஆதாயம் உள்ளவரின் வாக்கு என்பதை அறிந்துகொண்டே நீதிபதி அதை எடைபோடுகிறார். தம் தரப்புக்கே பாதகமான ஒன்றை அவர் ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலுக்குத் தனி மதிப்புத் தருகிறார். சைவ சித்தாந்த மரபிலும் பிறருடைய கொள்கையைப் பரபக்கம் என்று முன்னால் நிறுத்திவிட்டு, அதன் பிறகே தம் கொள்கையைச் சுபக்கமாக விளக்கும் முறை இருந்திருக்கிறது. யார் சொல்வது என்று கூறுங்கள், அதன்பின் சொன்னது என்ன என்று ஆராயுங்கள் என்பதே என் வேண்டுகோள்; இவ்விரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடுவதால்தான் நம் பேச்சு கெடுகிறது.

இது நமக்குப் புதிய சிக்கலும் அன்று. இந்த நாட்டின் நேட்டால் பகுதியில் வாழ்ந்த இந்தியர்களின் அமைப்பான நேட்டால் இந்தியக் காங்கிரஸ் 1894இல் தோன்றியது. 1903இல் டர்பனில் 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கி, காந்தியின் குரலாக வளர்ந்தது. அது முதலில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்து, 1906இல் தமிழையும் இந்தியையும் நிறுத்தியது. 1908இல் பி. எஸ். ஐயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்ற தாளை நடத்தத் தொடங்கினார். கூலி ஒப்பந்தம் முடிந்து நேட்டாலில் தங்கிய இந்தியர்கள்மீது விழுந்த 3 பவுன் ஆண்டு வரியை எதிர்த்து அவர் ஓயாமல் எழுதினார். காந்தியின் தலைமையையும் கடுமையாக விமர்சித்தார். 1913 அக்டோபரில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிளவுபட்டு, காந்தியின் ஆதரவாளர்கள் நேட்டால் இந்தியச் சங்கத்தை அமைத்தார்கள். அந்தப் பிளவைப் பற்றி இவ்விரு தாள்களில் ஒன்றை மட்டும் படிப்பவருக்கு ஒரு தரப்பின் நியாயம் மட்டுமே கிடைக்கும். ஆனால் வரியின் கொடுமையைப் பற்றி இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங், அதாவது அத்தகைய சம்பளத்தில் ஆறு மாத உழைப்பு. ஒன்றையொன்று நம்பாத இரண்டு தாள்கள் ஒரே செய்தியில் ஒத்துப்போகும்போது, அச்செய்திக்கு நடுநிலையாளர் ஒருவரின் சான்றைவிட அதிக வலு உண்டு என்று நான் கருதுகிறேன். என் தாத்தாவின் தகப்பனார் கரும்புத் தோட்டத்தில் இருந்தவர் என்பதால், இந்தக் கணக்கை என்னால் வெறும் எண்ணாகப் படிக்க முடிவதில்லை.

உரிமையாளர் யார் என்று தெரியாமல் ஒரு தாளை நம்புவதால் வரும் கேட்டுக்கும் இந்த மண்ணிலேயே உதாரணம் உண்டு. 1976இல் 'தி சிட்டிசன்' நாளிதழ் தொடங்கியபோது, அது ஒரு தனியார் தொழிலதிபரின் முயற்சி என்றே உலகம் எண்ணியது. நிறவெறி அரசின் தகவல் துறை மறைவாகக் கொடுத்த பொதுப் பணம் அதன் பின்னால் இருந்தது 1978இல் அம்பலமாகி, அந்த ஊழலின் விளைவாக 1979இல் முன்னாள் பிரதமர் ஃபோர்ஸ்டர் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

நம் கட்சியை உள்ளேயே கிழித்த உதாரணம் அண்மைக் காலத்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய குடியரசுத் தலைவர் ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தார் 2010இல் 'தி நியூ ஏஜ்' நாளிதழையும், 2013இல் ஏ.என்.என். 7 தொலைக்காட்சியையும் தொடங்கினார்கள். அவர்களுடைய ஓக்பே நிறுவனத்துக்காக லண்டனின் பெல் பாட்டிங்கர் என்ற விளம்பரத் தொடர்பு நிறுவனம் வேலை செய்தது. 'வெள்ளை ஏகபோக மூலதனம்' என்ற தொடர், குடும்பத்தின்மீது விழுந்த குற்றச்சாட்டுகளைத் திசைதிருப்பும் கருவியாக இணையமெங்கும் பரப்பப்பட்டது. உண்மை வெளிவந்து, 2017 செப்டம்பரில் அந்த நிறுவனமே சரிந்து விழுந்தது. ஆனால் அந்தத் தொடர் லண்டனில் பிறந்தது அன்று. நம் நாட்டு இடதுசாரிகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நிலமும் சுரங்கமும் வங்கியும் யார் கையில் குவிந்துள்ளன என்பதை விளக்க அதைக் கையாண்டு வந்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை 2017இல் நாம் பேணவில்லை. செல்வம் நிற அடிப்படையில் குவிந்திருப்பதைப் பற்றி நேர்மையாகக் கேள்வி கேட்ட இளைஞர்கூட, அந்தத் தொடரை உச்சரித்தவுடன் குப்தாக்களின் ஏவலாள் எனப் பட்டம் பெற்றார். மறுபுறம், ஊழலைப் பற்றி ஒரு வணிகப் பத்திரிகையில் படித்ததை எடுத்துக் காட்டியவர் வெள்ளை முதலாளிகளின் கைக்கூலி என்று தூற்றப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கின் நாஸ்ரெக்கில் நடந்த நம் கட்சியின் கொள்கை மாநாட்டில் 'வெள்ளை' என்ற அடைமொழி வேண்டுமா வேண்டாமா என்று விவாதித்தபோது, சொல்லின் பொருளைவிட அதைச் சொல்பவரின் அணியைப் பற்றியே பலரும் கவலைப்பட்டார்கள் என்பது என் எண்ணம். கெட்ட நோக்கத்தோடு ஒருவர் கையிலெடுத்ததாலேயே ஒரு கேள்வி பொய்யாகிவிடாது. அந்தக் கேள்வி நியாயமானது என்பதால் அவருடைய நோக்கத்தை மறைத்துவிடவும் கூடாது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு அன்று நமக்கு இல்லாமற்போனதை நான் இன்றும் மனவேதனையுடன் நினைக்கிறேன்.

அப்படியானால் நற்பெயர் பெற்ற தாள்களை மட்டும் நம்பலாமே என்று ஒரு தோழி கேட்டார். 'சண்டே டைம்ஸ்' வார இதழ், வருவாய்த் துறைக்குள் சட்டவிரோதமான இரகசியப் பிரிவு இயங்கியது என்றும், டர்பனின் கேட்டோ மேனரில் காவல்துறைக் கொலைப்படை இருந்தது என்றும் பெரிய எழுத்தில் செய்திகள் வெளியிட்டது. அவற்றில் நேர்ந்த தவறுகளுக்காக 2018 அக்டோபரில் மன்னிப்புக் கோரியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்செய்திகளைக் கட்சிக்குள் எத்தனையோ பேர் மறுக்க முடியாத சான்றாகக் காட்டினார்கள். அவற்றால் பதவியையும் பெயரையும் இழந்தவர்களுக்கு அந்த மன்னிப்பு மிகவும் காலம் கடந்து வந்தது. ஆகவே, தாளின் பெயர் நமக்குச் செய்தியை ஆராயும் வேலையை மிச்சப்படுத்தித் தராது.

எதிர்க்கட்சியோடு வாதாடும்போது வெற்றி தோல்வியோடு விஷயம் முடிந்துவிடலாம். ஒரே கட்சிக்குள் அது முடியாது. தோற்ற தரப்பும் நாளை அந்தத் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். எந்தச் சான்றின்மேல் அது எடுக்கப்பட்டது என்பதை அவர்களும் மதிக்க முடிந்தால்தான் மனம் ஒப்பிப் போவார்கள்.

இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். நகராட்சியின் தண்ணீர் இழப்பைப் பற்றி எதிர்க்கட்சி வெளியிட்ட ஒரு தாளை இளைஞர் ஒருவர் குழுவில் பகிர்ந்தார். அரை மணி நேரத்துக்குள் அவரைக் கட்சியைவிட்டு வெளியேறச் சொல்லிப் பத்துப் பேர் எழுதிவிட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன், அதற்காக அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கூட்டத்துக்கு எங்கள் செயலாளர் அக்கா, அந்தத் தாளின் அடிக்குறிப்பில் இருந்த தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையை அச்செடுத்து வந்தார். தாளில் இருந்த எண் அறிக்கையிலும் அப்படியே இருந்தது. ஆனால் அது முந்தைய நிதியாண்டின் எண். எதிர்க்கட்சித் தாள் அதை நடப்பாண்டுக் கணக்கைப் போலக் காட்டியிருந்தது. இரண்டையும் அக்கா உரக்கப் படித்தார். அன்றிரவு எழுதிய தீர்மானத்தில் எதிர்க்கட்சித் தாளின் பெயரையும், அது ஆண்டை மாற்றிக் காட்டியதையும், அறிக்கையின் பக்க எண்ணையும் குறித்து, பழைய குழாய்களை எப்போது மாற்றுவார்கள் என்று நம் கட்சியின் நகரமன்ற உறுப்பினரிடமே எழுத்தில் கேட்டோம். அந்தக் கடிதத்தின் வரைவை எழுதியவர் அந்த இளைஞர்தான்.