ஆஃப்-சீசனில் கோச்சுகள் எதைப் படிக்கிறார்கள்? அமெரிக்கன் ஃபுட்பாலின் படிப்புக் காலம்

[திரையில்: சான் ஃபிரான்சிஸ்கோ, கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானம். 2013 ஜனவரி 12]

வணக்கம். இது என்எஃப்எல் பிளேஆஃப் ஆட்டம். என்எஃப்எல் என்றால் அமெரிக்கன் ஃபுட்பாலின் மிகப் பெரிய லீக், பிளேஆஃப் என்றால் தோற்றால் வெளியேற வேண்டிய சீசன் கடைசிச் சுற்று. ஒரு பக்கம் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ், மறுபக்கம் கிரீன் பே பேக்கர்ஸ். நைனர்ஸின் குவாட்டர்பேக் காலின் கேப்பர்னிக். குவாட்டர்பேக் என்றால் பந்தை எறிகிற ஆள். ஆனால் அன்றைக்கு அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியே 181 யார்டு எடுத்தார். அதுவரை என்எஃப்எல்லில் எந்தக் குவாட்டர்பேக்கும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. 45-31. பேக்கர்ஸின் சீசன் அத்தோடு முடிந்தது.

சரி, இப்படி அடி வாங்கிய ஒரு டிஃபென்ஸின், அதாவது தடுத்து ஆடும் பக்கத்தின், கோச்சுகள் அடுத்து என்ன செய்வார்கள்? பேக்கர்ஸ் கோச்சுகள் அந்த ஆஃப்-சீசனில் டெக்சாஸுக்குப் போனார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளோடு உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். உலகத்திலேயே பெரிய லீகின் கோச்சுகள், கல்லூரி கோச்சுகளிடம் போய் நோட்ஸ் எடுக்கிறார்கள். இது அங்கே யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. இன்றைய வீடியோவின் விஷயமே இதுதான்: ஆட்டம் இல்லாத மாதங்களில் இந்தக் கோச்சுகள் எதைப் படிக்கிறார்கள், அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் படிப்பு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது.

காலால் ஆடும் ஃபுட்பாலை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்கன் ஃபுட்பாலில் பக்கத்துக்கு 11 பேர். 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் எல்லோரும் நின்ற நிலையிலிருந்துதான் தொடங்கும். ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் முதல் அடி வைக்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் அசைகிற நேரம் சுமார் 11 நிமிடம்தான். மீதி நேரம் முழுக்க யோசனை. அதனால்தான் இந்த விளையாட்டில் படிப்புக்கு இவ்வளவு மரியாதை.

சீசன் நடக்கும்போது படிக்க நேரமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தால் திங்களன்றே அடுத்த எதிரணியின் வீடியோ ஓட ஆரம்பித்துவிடும். பெரிய கேள்விகளையெல்லாம் பிப்ரவரி வரை தள்ளிப்போட்டுத்தான் ஆக வேண்டும்.

[திரையில்: வெள்ளைப் பலகை. வட்டங்கள், பெருக்கல் குறிகள்]

பேக்கர்ஸ் டெக்சாஸில் படிக்கப் போனது எதை? ஸோன் ரீட் என்ற ஒரே ஒரு யோசனையையும் அதன் குடும்பத்தையும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வழக்கமான ஓட்டத்தில் குவாட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கிடம், அதாவது பந்தோடு ஓடுகிற ஆளிடம், கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 பேரில் ஒருவர் பந்தோடு ஓடுகிறார், ஒருவர் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறார். எதிராளிகளைத் தடுக்க மிச்சம் இருப்பது 9 பேர். எதிரே 11 பேர். இந்தக் கணக்கில் டிஃபென்ஸுக்கு எப்போதுமே ஆள் மிச்சம்.

ஸோன் ரீட் இந்தக் கணக்கை மாற்றுகிறது. எதிரணி வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை வேண்டுமென்றே யாரும் தடுப்பதில்லை. குவாட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றுக்கு நேராக நீட்டுவார், ஆனால் கண் முழுக்க அந்த எண்ட் மேல்தான் இருக்கும். எண்டின் தோள் உள்பக்கம் திரும்பி ரன்னிங் பேக்கைத் துரத்தினால், பந்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அவர் காலிசெய்த இடத்தின் வழியே குவாட்டர்பேக்கே ஓடிவிடுவார். எண்ட் நின்ற இடத்திலேயே நின்றால் பந்தை விட்டுவிடுவார், ரன்னிங் பேக் நடுவில் புகுந்து போவார். இரண்டு வாசலுக்கு ஒரே காவல்காரர் என்றால் எப்படியோ, அப்படி. எந்த வாசலைப் பார்த்தாலும் தப்பு.

இது பிறந்தது பெரிய இடத்தில் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவில் க்ளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி. கோச் பெயர் ரிச் ராட்ரிகஸ். ஒரு பயிற்சியில் குவாட்டர்பேக் பந்தைச் சரியாகக் கைமாற்ற முடியாமல் தடுமாறினார். எண்ட் ரன்னிங் பேக்கைத் துரத்தி உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, பந்தோடு வெளிப்பக்கம் ஓடிவிட்டார். ஏன் அப்படி ஓடினாய் என்று கோச் கேட்டார். எண்ட் உள்ளே போனதைப் பார்த்தேன், அதனால் ஓடினேன் என்பதுதான் பதில். தவறிப்போன ஒரு கைமாற்றத்தைத் திட்டாமல் விசாரித்த அந்தக் கோச்சுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

அங்கிருந்து பெரிய கல்லூரிகளுக்கும், ஏறக்குறைய 20 வருஷம் கழித்து என்எஃப்எல்லுக்கும் அது வந்தது. இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் எளிமையானது: கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் குவாட்டர்பேக்கை யார் அடிபட விடுவார்கள்? ஆக 2013-ல் இதை எதிர்த்து ஆடி நிறைய அனுபவம் உள்ளவர்கள் என்றால் அது கல்லூரி கோச்சுகள்தான். பேக்கர்ஸ் போன இடம் சரியான இடம்.

கல்லூரிகளில் இதற்கு ஏற்கெனவே சில பதில்கள் இருந்தன. அதில் பிரபலமானது ஸ்க்ரேப் எக்ஸ்சேஞ்ச். எண்ட் வேண்டுமென்றே உள்ளே பாய்வார். குவாட்டர்பேக் அதை நம்பிப் பந்தை இழுத்துக்கொண்டு வெளியே வருவார். அங்கே, எண்டின் பின்னால் சுற்றிக்கொண்டு வந்த லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் டிஃபென்ஸ் ஆள், தயாராக நிற்பார். குவாட்டர்பேக் பார்த்ததே பொய்.

[திரையில்: 2013 செப்டம்பர் 8. அதே மைதானம்]

அட்டவணை போட்டவருக்குக் குசும்பு அதிகம் போல. அடுத்த சீசனின் முதல் ஆட்டமே நைனர்ஸ், பேக்கர்ஸ். கேப்பர்னிக் ஓடி எடுத்தது வெறும் 22 யார்டு. படித்த பாடத்தில் பேக்கர்ஸ் பாஸ். ஆனால் அவர் எறிந்தே 412 யார்டு எடுத்தார். ஆன்குவான் போல்டின் என்ற ரிசீவர் மட்டும் 13 பந்து பிடித்து 208 யார்டு. நைனர்ஸ் 34-28 என்று ஜெயித்தது.

இந்தப் போல்டின் யார்? முந்தைய பிப்ரவரியில் சூப்பர் போல் என்ற இறுதிப்போட்டியில் நைனர்ஸைத் தோற்கடித்த பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் ஆடியவர். மார்ச்சில் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைபோட்டு எடுக்கும் நிகழ்வில், ஆறாவது சுற்று வாய்ப்பு ஒன்றைக் கொடுத்து நைனர்ஸ் அவரை வாங்கிக்கொண்டது. எதிரணி டெக்சாஸில் நோட்ஸ் எடுத்த அதே ஆஃப்-சீசனில்தான் இதுவும் நடந்தது.

கதை அதோடும் முடியவில்லை. 2014 ஜனவரி 5, கிரீன் பேயில் உறைபனிக் குளிர். மறுபடி பிளேஆஃப், மறுபடி இதே இரண்டு அணிகள். கேப்பர்னிக் இந்த முறை ஓடி 98 யார்டு எடுத்தார். கடைசி நிமிடங்களில் மூன்றாவது வாய்ப்பில் 8 யார்டு தேவைப்பட்டபோதும் அவரே 11 யார்டு ஓடினார். பிறகு கடைசி உதையில் 23-20 என்று நைனர்ஸ் ஜெயித்தது.

அதற்காக டெக்சாஸ் பயணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். போகாமல் இருந்திருந்தால் செப்டம்பரில் ஓட்டத்திலும் வாங்கியிருப்பார்கள். ஆனால் ஆஃப்-சீசன் பாடத்திட்டத்தை எழுதுவது பெரும்பாலும் போன சீசனில் பட்ட அடிதான். அடித்தவரும் அதே மாதங்களில் வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை அந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதுதான் கஷ்டம்.

[திரையில்: மியாமி டால்ஃபின்ஸ் அணியின் நீலப்பச்சை நிறச் சீருடை]

இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து பார்ப்போம். 2007-ல் மியாமி டால்ஃபின்ஸ் ஆடிய 16 ஆட்டத்தில் ஒன்றில்தான் ஜெயித்தது. 2008-ல் புதுக் கோச்சுகள் வந்தார்கள். அவர்களில் டேவிட் லீ என்பவர், அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தான் பயன்படுத்திய ஒரு வித்தையையும் கொண்டுவந்தார். குவாட்டர்பேக்கை ஓரத்தில் நிறுத்திவிட்டு, பந்தை நேரடியாக ரன்னிங் பேக்கிடமே கொடுப்பது. பெயர் வைல்ட்கேட். செப்டம்பர் 21 அன்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு எதிராக ரன்னிங் பேக் ரானி பிரவுன் ஓடி நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எடுத்தார், இன்னொன்றை எறிந்தே எடுத்தார். 38-13. மியாமி அந்த சீசனை 11 வெற்றியோடு முடித்தது.

அடுத்த ஆஃப்-சீசனில் எல்லா டிஃபென்ஸ் கோச்சுகளின் மேஜையிலும் வைல்ட்கேட் வீடியோதான். டால்ஃபின்ஸ் என்ன செய்தது? வைல்ட்கேட்டை இன்னும் பெரிதாக்கலாம் என்று நினைத்து, 2009 டிராஃப்டில் இரண்டாவது சுற்றிலேயே பேட் ஒயிட்டை எடுத்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நம்ம ராட்ரிகஸிடமே ஸோன் ரீட் ஆடிப் பெயர் வாங்கிய குவாட்டர்பேக் அவர். என்எஃப்எல்லில் அவர் எறிந்த ஒரு பந்தைக்கூட யாரும் பிடிக்கவில்லை. ஒரு வருஷத்தில் அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். உன் வித்தையை எல்லோரும் படித்து முடித்த பிறகு அதிலேயே முதலீடு செய்தால் இதுதான் கதி.

ஆஃப்-சீசன் படிப்பைச் சாமர்த்தியமாகச் செய்தவர் என்று நான் நினைப்பது லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸின் ஷான் மெக்வே. 2018-ல் அவருடைய அஃபென்ஸ், அதாவது பந்தோடு தாக்கி ஆடும் பக்கம், லீகையே மிரட்டியது. டிசம்பரில் சிகாகோ பேர்ஸ் அதை வெறும் 6 புள்ளியில் நிறுத்தியது. அந்த டிஃபென்ஸை வடிவமைத்தவர் விக் ஃபான்ஜியோ. இரண்டு மாதம் கழித்து சூப்பர் போலில் பேட்ரியட்ஸ் 3 புள்ளியோடு அனுப்பிவைத்தது. தன்னை எது திணறடிக்கிறது என்று மெக்வேக்குத் தெரிந்துபோனது. 2020-ல் டிஃபென்ஸுக்குப் புது ஆள் தேடும்போது, ஃபான்ஜியோவிடம் சிகாகோவிலும் டென்வரிலும் வேலை பார்த்த பிராண்டன் ஸ்டேலியைக் கூட்டிவந்தார். அப்போது ஸ்டேலியை வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அந்த வருஷம் லீகிலேயே குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்த டிஃபென்ஸ் ராம்ஸுடையதுதான். தன்னைத் திணறடித்த பாடத்தைத் தன் அணிக்கே சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் டிவியில் வருகிறவர்களின் கதை. அமெரிக்காவில் பெரும்பாலான ஃபுட்பால் கோச்சுகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். பகலில் வரலாறோ கணக்கோ நடத்துவார்கள், சாயங்காலம் மைதானம். இவர்களுக்கு ஆஃப்-சீசன் என்றால் கிளினிக். ஜனவரி முதல் மார்ச் வரை ஏதாவது ஓர் ஊரில் ஹோட்டல் அரங்கை வாடகைக்கு எடுத்து, ஒரு கோச் பலகையில் வரைய, நூறு பேர் குறிப்பெடுப்பார்கள். 1922-ல் தொடங்கிய அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சஸ் சங்கம் ஒவ்வொரு ஜனவரியும் நடத்தும் மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அரங்கத்துக்குள்ளே கேட்பதைவிட வெளியே காபியோடு நாப்கினில் வரைந்து காட்டுவதுதான் உருப்படியான சரக்கு என்பார்கள்.

[திரையில்: லேப்டாப்பில் ஒரு பள்ளி ஆட்டத்தின் வீடியோ, பக்கத்தில் அட்டவணை]

ஆனால் ஒரு பள்ளி கோச் ஒரே ஒரு விஷயம்தான் படிக்க முடியும் என்றால், தன் அணியைத்தான் படிக்க வேண்டும். இதை செல்ஃப்-ஸ்கவுட் என்பார்கள். சீசன் முழுக்க ஆடிய ஒவ்வொரு ஆட்ட அசைவையும் வெட்டி, எத்தனையாவது வாய்ப்பு, எத்தனை யார்டு தேவை, எந்த அமைப்பில் நின்றோம், ஓடினோமா எறிந்தோமா என்று வரிசைப்படுத்துவார்கள். அப்போதுதான் சங்கடமான விஷயங்கள் வெளியே வரும். டைட் எண்ட் என்ற ஓரத்து வீரர் இடது பக்கம் நின்றால் எப்போதுமே இடது பக்கம்தான் ஓடியிருக்கிறோம். ரன்னிங் பேக் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றால் ஓட்டம், பக்கத்தில் நின்றால் எறிதல். அவருக்கே தெரியாமல் சீசன் முழுக்க எதிரணிக்குச் சொல்லிக்கொண்டே ஆடியிருக்கிறார். கிளினிக்கில் புது வித்தை கற்றுக்கொள்வதில் இருக்கும் உற்சாகம் இந்த வேலையில் இல்லை. அதனாலேயே பலர் இதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், சில சமயம் பாடத்தை விதிப்புத்தகமே மாற்றிவிடும். கிக்ஆஃப் என்றால் பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது. 2024 பிப்ரவரி சூப்பர் போலில் 13 கிக்ஆஃப். ஒன்றைக்கூட யாரும் திருப்பி ஓடவில்லை. மார்ச்சில் என்எஃப்எல் அணி உரிமையாளர்கள் 29-3 என்ற வாக்கில் புது கிக்ஆஃபைக் கொண்டுவந்தார்கள். உதைக்கும் அணியின் மற்ற 10 பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் போய் நிற்க வேண்டும். பந்து தரையையோ, பிடிக்கிறவரையோ தொடும் வரை அவர்களில் ஒருவரும் அசையக்கூடாது. எக்ஸ்எஃப்எல் என்ற சின்ன லீகிலிருந்து தழுவிய விதி இது. அந்த லீக் இந்த முறையில் ஆடியது மொத்தம் இரண்டே சீசன். அந்த வருஷம் என்எஃப்எல்லின் ஸ்பெஷல் டீம்ஸ் கோச்சுகள், அதாவது உதை ஆட்டங்களைக் கவனிக்கும் கோச்சுகள், எல்லோருக்கும் பாடநூல் அந்த வீடியோதான். அதற்கு முன் அதை ஒழுங்காகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

அந்த சீசனில் திருப்பி ஓடிய கிக்ஆஃப்கள் ஐந்தில் ஒன்று என்பதிலிருந்து மூன்றில் ஒன்றாக ஏறின. லீகுக்கு அதுவும் போதவில்லை. 2025-க்கு டச்பேக் இடத்தை, அதாவது கிக்ஆஃபைத் திருப்பி ஓடாதபோது பந்து வைக்கப்படும் இடத்தை, 30 யார்டிலிருந்து 35-க்கு நகர்த்தினார்கள். பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் உதைத்துத் தப்பிப்பது இப்போது கட்டுப்படியாகாது என்பதால், எங்கே விழச்செய்வது, எப்படி உருளச்செய்வது என்று அதே கோச்சுகள் மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட உட்கார்ந்தார்கள்.