ஷட்டர் மூடியிருக்கு, ஆனாலும் படம் முழுக்க வெளிச்சம்! ஹப்பிள் கேமராவுக்குள்ள என்ன நடக்குது?

(திரையில்: கறுப்புப் படம், அது மேல வெள்ளைக் கீறல்கள்)

இந்தப் படத்தை நல்லாப் பாருங்க. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது. நீளமா, குட்டையா, புள்ளியா எத்தனை கீறல்! இதுல ஒண்ணுகூட நட்சத்திரம் கிடையாது. இதை எடுக்கும்போது கேமரா ஷட்டர் மூடியே இருந்துச்சு. வெளிச்சம் துளிகூட உள்ளே போகல. அப்போ இதை வரைஞ்சது யாரு?

காஸ்மிக் கதிர்கள். பேர்லதான் கதிர், உண்மையில அது துகள். பத்துல ஒன்பது பங்கு புரோட்டான், மிச்சத்துல பெரும்பாலும் ஹீலியம் அணுக்கரு. ஒளியோட வேகத்தை நெருங்கி வர்ற துகள்கள். 1912-ல விக்டர் ஹெஸ் பலூன்ல 5,000 மீட்டருக்கு மேல ஏறிக் கண்டுபிடிச்சார், 1936-ல நோபல் வாங்கினார். வரலாறு இவ்வளவு போதும், கேமராவுக்குள்ள போவோம்.

கேமரா சிப் சிலிக்கான்ல செஞ்சது. ஒளி விழுந்தா எலக்ட்ரான் கிளம்பும், அதை எண்ணித்தான் படமே வருது. புரோட்டான் துளைச்சுக்கிட்டுப் போனாலும் வழி நெடுக எலக்ட்ரான் கிளம்பும். நேராக் குத்தினா புள்ளி, சாய்வா உரசினா கீறல். இது நட்சத்திரம் கொடுத்த எலக்ட்ரானா, புரோட்டான் கிளப்பிவிட்டதான்னு சிப்புக்குத் தெரியாது. ஹப்பிளோட ஏசிஎஸ் கேமராவுல 1,000 நொடி படம் எடுத்தா, நூறு பிக்சலுக்கு ஒண்ணரைல இருந்து மூணு பிக்சல் இப்படி அடிவாங்கும்.

இதைப் பிரிச்செடுக்க ஒரு வழி இருக்கு. ஒரே இடத்தை ரெண்டு மூணு தடவை படம் எடுப்பாங்க. நட்சத்திரம் எல்லாப் படத்துலயும் அதே இடத்துல இருக்கும், கீறல் இடம் மாறிடும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இதை இன்னும் அழகாச் செய்யுது. பிக்சல்ல சேர்ந்ததை அழிக்காம, திரும்பத் திரும்ப அளந்துக்கிட்டே இருக்கும். நட்சத்திர ஒளின்னா அளவு சீரா ஏறும். துகள் அடிச்சா படிக்கட்டு மாதிரி ஒரே தாவு. அந்தத் தாவலை மட்டும் வெட்டி எடுத்துட்டா போதும்.

கீறலைத் துடைச்சாச்சு. ஆனா காயம்?

ஹப்பிள்ல இருக்கிற சிசிடி வகை சிப்ல ஒவ்வொரு பிக்சலும் சேர்த்த எலக்ட்ரானை எப்படி வெளியே கொண்டுவர்றாங்க தெரியுமா? வரிசையா ஆட்கள் நின்னு, கைக்குக் கை தண்ணி வாளி மாத்திவிடுற மாதிரி. ஏசிஎஸ் சிப்ல கடைசி வரிசை வாளி சுமார் 2,000 கை மாறித்தான் வெளியே வரும். புரோட்டான் அடிச்சு ஒரு சிலிக்கான் அணு இடம் பெயர்ந்துச்சுன்னா, அங்க எலக்ட்ரானைப் பிடிச்சு வைக்கிற ஒரு கண்ணி உண்டாகுது. வரிசையில நிக்கிற ஒருத்தர் ஒவ்வொரு வாளியில இருந்தும் கொஞ்சம் தண்ணியை எடுத்து வெச்சுக்கிட்டு, பின்னாடி வர்ற வாளியில ஊத்துனா எப்படி இருக்கும்? அதேதான். நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். மங்கலான நட்சத்திரம் இன்னும் மங்கிப்போகும். 2002-ல பொருத்தின அந்தக் கேமராவுல வருஷத்துக்கு வருஷம் வால் நீண்டுக்கிட்டே வந்துச்சு.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மனசை உலுக்குற பகுதியும் இதுதான். சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி. சுப்பிரமணியன் சந்திரசேகர் பேரைச் சுமக்கிற தொலைநோக்கி. 1999 ஜூலை 23-ல கொலம்பியா விண்ணோடத்துல கிளம்புச்சு. போய்ச் சில வாரம்தான் ஆகுது. அதுக்குள்ள அதோட ஏசிஸ் கேமராவுல (ஹப்பிளோட ஏசிஎஸ் வேற, இது வேற) இருந்த பத்து சிப்ல எட்டு கெட்டுப்போச்சு. எக்ஸ்-கதிரோட ஆற்றலைத் துல்லியமாப் பிரிச்சுச் சொல்ற திறன் சரிஞ்சிருச்சு.

யார் செஞ்சதுன்னு வீடியோவை நிறுத்தி ஒரு நிமிஷம் யோசிங்க.

அசுர வேகத்துல வந்த காஸ்மிக் கதிர் இல்ல. பூமியைச் சுத்தியிருக்கிற கதிர்வீச்சுப் பட்டையில திரியிற வலு குறைஞ்ச புரோட்டான்கள்! பக்கவாட்டுல வந்திருந்தா கேமராவோட உலோகக் கவசமே தடுத்திருக்கும். ஆனா அதுங்க வாசல் வழியாவே வந்துச்சு. எக்ஸ்-கதிரை உரசித் திருப்பிக் குவிக்கிறதுக்காக அவ்வளவு வழவழப்பாச் செஞ்ச கண்ணாடிகள், அந்தப் புரோட்டான்களையும் உரசித் திருப்பி நேரா சிப் மேல அனுப்பிடுச்சு.

வலு குறைஞ்ச துகள் எப்படி இவ்வளவு கெடுக்கும்? வலுவானது சிப்பைத் துளைச்சு மறுபக்கம் போயிடும். இது நடுவழியில நின்னுபோகும். நின்ன இடம் சரியா அந்த வாளி வரிசை ஓடுற தடம்! தப்பிச்ச ரெண்டு சிப்பும் திருப்பிப் போட்டு வெச்சவை. அதுங்களோட தடம் பின்பக்கம் ஆழத்துல இருந்ததால துகள் அங்க எட்டல. எத்தனை தடவை படிச்சாலும் இந்த இடத்துல எனக்குச் சிலிர்க்குது.

செப்டம்பர்ல காரணம் தெரிஞ்சதும் தீர்வு ரொம்ப எளிமையா வந்துச்சு. சந்திரா பூமியை ஒரு சுத்து வர சுமார் 64 மணி நேரம். ஒவ்வொரு தடவை பட்டைக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடியும் கேமராவைக் குவியத்துல இருந்து தள்ளி ஓரமா வெச்சுடுவாங்க. சேதம் அதோட சட்டுனு குறைஞ்சிருச்சு. அதே வருஷம் டிசம்பர்ல கிளம்பின எக்ஸ்எம்எம்-நியூட்டன்கிற இன்னொரு எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு இந்தப் பாடம் நேரத்துக்குக் கிடைச்சது. பட்டை பக்கம் போகும்போது அது மூடியைப் போட்டுக்கும்.

"தடிமனா ஈயச் சுவர் கட்டிட்டா என்ன?"ன்னு கேப்பீங்க. வலு குறைஞ்ச துகளுக்குச் சரி. காஸ்மிக் கதிர் அந்தச் சுவர்லயே மோதி, ஒண்ணு பல துகளாச் சிதறி உள்ளே கொட்டும்.

பிளாங்க் தொலைநோக்கி கதை தனி வீடியோவுக்கே போதும். தனிப்பூஜ்ஜியத்துக்கு மேல வெறும் 0.1 கெல்வின் குளிர்ல வெச்சிருந்த உணரிகளைத் துகள் அடிச்சுச் சூடாக்கிக்கிட்டே இருந்துச்சு.

ஆனா காயம் கொஞ்சம் ஆறவும் செய்யுது. ஹப்பிள்ல அடிவாங்கின சில பிக்சல்கள் இருட்டுலயும் பளபளன்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மாசம் ஒரு தடவை சிப்பைச் சூடாக்கி, அப்புறம் பழையபடி குளிர வைப்பாங்க. அதுலயே பல பிக்சல்கள் சரியாயிடுது!

முதல்ல காட்டின மாதிரி இருட்டுப் படங்கள் ஹப்பிள் ஆவணக் காப்பகத்துல எல்லாருக்கும் இலவசம். ரெண்டை இறக்கி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க. இடம் மாறுற புள்ளி எது, அசையாம நிக்கிற புள்ளி எதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. நான் எல்லாத்தையும் படிப்பேன்.