ஒரு விரலுக்கு மட்டும் ஏன் நெயில் பாலிஷ் இல்லை?

வணக்கம் மக்களே. குரல் இப்படித்தான் கரகரவென்று இருக்கும், ஹெட்போனைக் கழற்றி மாட்டிப் பார்க்காதீர்கள். போன வீடியோவில் "சாதாரண ஜலதோஷம்தான், ரெண்டு நாளில் வந்துவிடுவேன்" என்று அளந்துவிட்டுப் போனேன் இல்லையா, இன்றைக்கு 19-வது நாள். மூக்கு ஒழுகியது நாலு நாளில் நின்றது, அது போன கையோடு இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் வறட்டு இருமல், அப்புறம் சளி, படுத்தால் நெஞ்சுக்குள் பூனை உறுமுகிற மாதிரி சத்தம். டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டுவிட்டு, நிமோனியா இல்லை, அக்யூட் பிராங்கைட்டிஸ் என்றார். மூச்சுக்குழாய்களின் உள்பக்கம் வீங்கிச் சளி சுரக்கிறது, இருமல் மட்டும் மூணு வாரம்கூட இழுக்கும், அதுவே வழக்கம்தானாம்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், சளி பச்சையாக வருகிறது என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு "உடனே ஆன்டிபயாடிக் போடு" என்கிறார்கள். அந்தப் பச்சை, நம்முடைய வெள்ளையணுக்களில் இருக்கிற ஒரு நொதியின் நிறம். வைரஸ் வந்தாலும் அதே பச்சைதான். பிராங்கைட்டிஸில் பத்துக்கு ஒன்பது வைரஸால் வருவது, அங்கே ஆன்டிபயாடிக்குக்கு என்ன வேலை?

சரி, விரல் கதைக்கு வருகிறேன். ராத்திரி ரெண்டு மணி, இருமி எழுந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரல் நுனியில் பார்க்கிற பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டினால் 88. எண்பத்தெட்டு! கை நடுங்குகிறது, ஆம்புலன்ஸுக்கு அடிக்கப் போனை எடுத்தேன், எடுத்த கையைப் பார்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் நெயில் பாலிஷ், விரலோ ஐஸ்கட்டி. எனக்கு வாராவாரம் நிறம் மாற்றாவிட்டால் தூக்கம் வராது என்று உங்களுக்குத் தெரியும். அடர்ந்த பாலிஷும் சில்லென்ற விரலும் அந்தக் கருவியைக் குழப்பிவிடும். ஒரு விரலில் மட்டும் ரிமூவர் போட்டுத் துடைத்தேன், அந்த நெடிக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது, அது வேறு கதை. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, கையை அசைக்காமல் காத்திருந்தால் 97. பரீட்சையில்கூட 97 பார்த்ததில்லை நான்! ஆனால் ஒன்று, எனக்கு மூச்சுத் திணறல் இல்லை. திணறலும் இருந்து எண்ணும் குறைந்தால் பாலிஷ் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கிளம்புங்கள்.

ஐயோ, காய்ச்சலைச் சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு முதல் ரெண்டு நாள் லேசாக இருந்தது, பாராசிட்டமாலில் அடங்கிவிட்டது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் நாள்கணக்கில் விடாமல் அடித்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, மூணு வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். தேன் எனக்குத் தொண்டைக்கு இதமாக இருந்தது, ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பவர்களை நான் விரட்டிவிடுகிறேன், சொந்தக்காரர் என்றாலும் சரி.

இந்த வீடியோவில் பதினோரு இருமலை வெட்டி எடுத்திருக்கிறேன். இதோ, பன்னிரண்டாவது வரு—