பார்த்த அனிமேவை எங்கே குறித்து வைப்பது?

வணக்கம் மக்களே. இன்று மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். வீடு குரோம்பேட்டையில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நடுவில் மின்சார ரயில் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, பார்த்த அனிமேவை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களையும் படங்களையும், எல்லாம் எதில் குறித்து வைக்கிறீர்கள்?" இந்தக் கேள்விக்கு நான் பட்டுத்தான் பதில் கண்டுபிடித்தேன். மூன்று வருடம் ஒரு சின்ன ஆப்பில் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தேன். நூற்று நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் திறந்தால் உள்ளே போகவே முடியவில்லை. ஆப்பையே மூடிவிட்டார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் போட்டிருந்த மார்க் போனதைவிட, எதை எங்கே நிறுத்தினேன் என்பது போனதுதான் வலித்தது. 'மான்ஸ்டர்' மொத்தம் 74 எபிசோடு. முப்பது தாண்டியிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. முப்பத்தொன்றா, முப்பத்தெட்டா? மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அதனால் ஒரு தளத்தில் கணக்கு தொடங்கும் முன் நான் பார்ப்பது ஒன்றைத்தான். நான் எழுதியதை என் கையில் திருப்பிக் கொடுக்குமா?

அந்த வகையில் மைஅனிமேலிஸ்ட் எனக்குத் தைரியம் தருகிறது. 2004 முதல் இருக்கும் தளம். உங்கள் பட்டியல் முழுவதையும் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பை அனிலிஸ்ட் என்ற இன்னொரு தளத்தில் ஏற்றவும் முடியும். மாதத்தின் முதல் ஞாயிறு அந்தக் கோப்பை இறக்கி, பென்டிரைவில் ஒன்றும் மெயிலில் ஒன்றுமாக வைத்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை.

மார்க் விஷயத்துக்கு வருவோம். மைஅனிமேலிஸ்டில் 1 முதல் 10 வரை முழு எண்தான், புள்ளி வைக்க முடியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் அவர்களே ஒரு பொருள் கொடுத்திருக்கிறார்கள். 5 என்றால் சுமார், 7 என்றால் நன்று. ஆனால் நாம் பள்ளிக்கூட மார்க் பார்த்து வளர்ந்தவர்கள். ஐம்பது வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் 7 போடவே கை வராது. ஓரளவு பிடித்தாலே 8, நன்றாக இருந்தால் 9. கடைசியில் பட்டியல் முழுக்க எட்டும் ஒன்பதுமாக நின்று, எது உண்மையில் மனசைத் தொட்டது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். அவர்கள் எழுதியிருக்கும் பொருளை ஒருமுறை படித்துவிட்டு மார்க் போடுங்கள். இன்னொன்று, ஒரு தொடரில் ஐந்தில் ஒரு பங்காவது பார்த்திருந்தால்தான் உங்கள் மார்க்கைப் பொதுச் சராசரியில் சேர்ப்பார்கள். அந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

அனிலிஸ்டில் மார்க் முறையையே நாம் தேர்ந்தெடுக்கலாம். நூற்றுக்கு, பத்துக்கு, புள்ளி வைத்த பத்து, ஐந்து நட்சத்திரம், இல்லையென்றால் சிரிக்கும் முகம் மாதிரி மூன்று முக எமோஜிகள். நான் நூற்றுக்குப் போடுகிறேன். 78க்கும் 82க்கும் நடுவில் எனக்கு நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது. அங்கே புள்ளிவிவரப் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்த அன்றுதான், நான் உச்சி மார்க் கொடுத்திருந்த மான்ஸ்டர், டெத் நோட், ஃப்ரீரன் மூன்றுமே மேட்ஹவுஸ் ஸ்டூடியோ செய்தவை என்று கவனித்தேன். அடுத்து என்ன பார்ப்பது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கிட்சு, முன்பு ஹம்மிங்பேர்ட் என்ற பெயரில் இருந்தது. எளிமையான தளம். இப்போதுதான் பார்க்க ஆரம்பித்த தம்பி தங்கைகளுக்குப் போதும். அனிமே-பிளானெட் 2001 முதலே இருக்கிறது. 'இது பிடித்தால் அதைப் பாருங்கள்' என்று சொல்வதில் அதுதான் கெட்டி. 'பார்க்கவே மாட்டேன்' என்று குறிக்கவும் அங்கே வழி உண்டு.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரீமிங் ஆப்பில் டீமன் ஸ்லேயர் என்று ஒரே பெயருக்குக் கீழே எல்லாம் வரிசையாக இருக்கும். இந்தத் தளங்களில் அப்படியில்லை. முதல் சீசன் 26 எபிசோடு தனி. முகென் டிரெய்ன் படம் தனி. அதே கதையை டிவிக்காக 7 எபிசோடாகத் தந்தது தனி, அதில் முதல் எபிசோடு மட்டும்தான் புதுக் கதை. படத்தைப் பார்த்துவிட்டு டிவி வடிவத்தையும் 'முடித்தேன்' என்று குறித்தால், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக உங்கள் கணக்கு சொல்லும். படம் பார்த்திருந்தால் படத்தை மட்டும் குறியுங்கள்.

அப்புறம், நமக்கென்று ஒரு தேவை இருக்கிறது. எந்த மொழியில் பார்த்தோம் என்பது. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயரின் இன்ஃபினிட்டி காசில் படம் தமிழிலும் வந்தபோது, அத்தை பையனை வடபழனிக்குக் கூட்டிப் போனேன். எட்டாவது படிக்கிறான். சப்டைட்டில் படிக்காமல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடைவேளையில் பாப்கார்ன்கூடக் கேட்கவில்லை. அனிலிஸ்டில் நாமே பட்டியலுக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் குறிப்பும் எழுதலாம். 'தமிழில் பார்த்தவை' என்று ஒன்று தொடங்கினேன். அதில் அந்தப் படத்துக்கு எதிரே தேதி, தியேட்டர், அவன் பெயர் மூன்றும் இருக்கின்றன.

ஆக, நான் மார்க்கும் குறிப்பும் எழுதுவது அனிலிஸ்டில். எபிசோடு எண்ணை மட்டும் மைஅனிமேலிஸ்டிலும் போட்டுவிடுகிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோப்புக்காக. குரோம்பேட்டையில் ஏறினால் எழும்பூர் வருவதற்குள் ஒரு எபிசோடு முடிந்துவிடும். இறங்கும் முன், எபிசோடு எண்ணை ஒன்று கூட்டும் கூட்டல் குறியை ஒரு தட்டு, அவ்வளவுதான். மான்ஸ்டர் இப்போது 52இல் நிற்கிறது. நாளைக் காலை வண்டியில் 53.