ஆசியாவின் ஏற்றுமதிப் பட்டியல்: குளுவாங் எடைப்பாலத்திலிருந்து ஒரு கணக்கு

[திரை: மலேசியாவின் ஜொகூர் மாநிலம், குளுவாங்குக்கு வெளியே தோட்டத்துச் சாலை. செம்பனை (பாமாயில்) குலை ஏற்றிய லோரி எண்ணெய் ஆலையின் எடைப்பாலத்தில் ஏறுகிறது. நிகர எடை: 10 டன்.]

குரல்: இந்த 10 டன் குலை ஆலைக்குள் போனால் சுமார் 2 டன் கச்சா எண்ணெய் வரும். கூடவே அரை டன் பருப்பு. மீதி வெறுங்குலை, நார், ஓடு, தண்ணீர். பழுக்காத குலை கலந்தால் எண்ணெய் இன்னும் குறையும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த 2 டன் எண்ணெய் எந்த நாட்டுக் கணக்கில், என்ன பெயரில் போய் ஏறுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, முதலில் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

[திரை: 2023 சரக்கு ஏற்றுமதி, சில நாடுகள் மட்டும், அமெரிக்க டாலர் பில்லியனில், ஏறத்தாழ. சீனா 3,380. ஜப்பான் 717. தென்கொரியா 632. ஹாங்காங் 574. சிங்கப்பூர் 476. இந்தியா 432. வியட்நாம் 354. மலேசியா 313. தாய்லாந்து 285. இந்தோனேசியா 259.]

குரல்: கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூர், ஆறு மில்லியன் பேரை வைத்துக்கொண்டு, நம்மைவிட ஒன்றரை மடங்கு ஏற்றுமதி செய்கிறதா? துறைமுகத்தைத் தாண்டியது அவ்வளவு. ஆனால் அதில் பாதிக்கு மேல் மறு ஏற்றுமதி. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் மறுபடியும் கப்பலேறிய சரக்கு. ஹாங்காங்கில் இது இன்னும் தூக்கல். அங்கேயே செய்து வெளியே போகும் சரக்கு மொத்தத்தில் 2 விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. இந்த இரண்டையும் மற்ற நாடுகளோடு ஒரே வரிசையில் நிறுத்துவதே தப்பு என்பது எங்கள் கருத்து. நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் மறு ஏற்றுமதியைக் கழித்துவிட்டு நிறுத்துங்கள்.

நம் கணக்கும் அப்படியொன்றும் சுத்தமில்லை. 2023ல் மலேசிய ஏற்றுமதியில் சுமார் 40 விழுக்காடு மின், மின்னணுப் பொருள்கள். பினாங்கில் ஒரு சிப்பைப் பொதியிட்டு, சோதித்து அனுப்பும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த வேஃபரின் (சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தகட்டின்) விலையும் நம் ஏற்றுமதித் தொகைக்குள் உட்கார்ந்துவிடும். வியட்நாமின் கைப்பேசிக்கும் இதே கதைதான். அந்நாட்டு ஏற்றுமதியில் 70 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. செம்பனை எண்ணெயும் அதைச் சார்ந்த வேளாண் பொருள்களும் மலேசிய ஏற்றுமதியில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே. ஆனால் அந்த 5 விழுக்காட்டில் மண்ணும் மரமும் ஆலையும் இங்கேயே இருக்கின்றன.

[திரை: பாசிர் கூடாங் துறைமுகம், எண்ணெய்த் தொட்டிகள். மேலே நான்கு எண்கள்: 1511, 1513, 3823, 3826.]

குரல்: இவை எச்.எஸ். குறியீடுகள், அதாவது சரக்குகளை வகை பிரிக்கச் சுங்கத்துறைகள் பயன்படுத்தும் எண்கள். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பின் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும். அதனால் ஆறுக்கு மேல் போய் நாடுகளை ஒப்பிடாதீர்கள்.

1511.10 கச்சா செம்பனை எண்ணெய். 1511.90 சுத்திகரித்தது. எண்ணெயின் திரவப் பகுதியான ஓலின், கெட்டிப் பகுதியான ஸ்டியரின் இரண்டும் இதற்குள் வரும். 3823 சோப்பு, மெழுகுவர்த்தி ஆலைகளுக்குப் போகும் கொழுப்பு அமிலங்கள். 3826 பயோடீசல். ஒரே குலையிலிருந்து வந்த பொருள் இத்தனை தலைப்பில் சிதறிக் கிடக்கிறது. 1511ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ‘இந்த நாட்டின் செம்பனை ஏற்றுமதி இவ்வளவுதான்’ என்றால் கணக்கு கட்டாயம் குறையும். எண்ணெயை மேற்கொண்டு பக்குவப்படுத்தி விற்கும் நாட்டுக்குத்தான் அதிகம் குறையும்.

1513ல் வேறொரு வம்பு. நம் செம்பனைப் பருப்பு எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இந்த நான்கு இலக்கத்துக்குள் ஒன்றாக இருக்கின்றன. நான்கோடு நிறுத்தினால், தேங்காய் எண்ணெய் விற்கும் பிலிப்பைன்ஸ் செம்பனைப் பட்டியலில் வந்து நிற்கும். 1513.21, 1513.29 என்று ஆறு இலக்கம் வரை இறங்குங்கள்.

மலேசியா, இந்தோனேசியா இரண்டும் சேர்ந்து உலகச் செம்பனை எண்ணெயில் சுமார் 85 விழுக்காட்டைத் தருகின்றன. உற்பத்தியில் இந்தோனேசியா நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஏற்றுமதியில் அதே இடைவெளி தெரியாது, ஏனென்றால் அங்கே எண்ணெயில் கணிசமான பங்கு உள்நாட்டிலேயே பயோடீசலாகி டீசலோடு கலக்கிறது. 2023ல் அந்தக் கலப்பு 35 விழுக்காடு. வரியும் சேர்ந்துகொள்கிறது. மலேசியாவில் கச்சா எண்ணெய்க்கு விலையைப் பொறுத்து ஏற்றுமதி வரி உண்டு. 2024 நவம்பர் முதல் அதன் உச்சம் 10 விழுக்காடு. சுத்திகரித்த எண்ணெய்க்கு அந்த வரி இல்லை. அதனால் 1511.10க்கும் 1511.90க்கும் உள்ள விகிதம் ஓர் ஆண்டில் திடீரென்று மாறினால், தோட்டத்தில் காரணம் தேடுவதற்கு முன் வரி அட்டவணையைப் பாருங்கள்.

[திரை: வரைபடம். மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து நேப்பாளத்துக்கு ஓர் அம்பு. நேப்பாளத்திலிருந்து இந்தியாவுக்கு இன்னோர் அம்பு.]

குரல்: இது வேடிக்கை. செம்பனை பயிரிடாத நேப்பாளத்தில், 2019–20 வாக்கில், செம்பனை எண்ணெய் முன்னணி ஏற்றுமதிப் பொருள்! கச்சா எண்ணெயை இறக்கி, சுத்திகரித்து, தெற்காசிய வர்த்தக உடன்பாட்டின் வரிச்சலுகையோடு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியாவின் இறக்குமதி வரி எவ்வளவு உயர்ந்திருந்ததோ, அவ்வளவு லாபம். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் அந்த வழி இறுகியது. பட்டியலில் ஒரு நாடு சம்பந்தமில்லாமல் மேலே வந்தால் அது எதை வாங்குகிறது, பக்கத்து நாட்டில் வரி எவ்வளவு என்று பாருங்கள்.

[திரை: பால்மரம், கோப்பை. அடுத்து கையுறை ஆலை.]

குரல்: ரப்பரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தாய்லாந்து ஆண்டுக்கு 4 மில்லியன் டன்னுக்கு மேல். மலேசியா 4 லட்சம் டன்னுக்கும் கீழே. உற்பத்தி செய்வதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். ஆகவே இயற்கை ரப்பருக்கான 4001ல் நம்மைத் தேடினால் ஏமாற்றம்தான். கையுறைக்கான 4015ல் தேடுங்கள். அங்கேயும் ஆண்டைப் பார்த்து எடுங்கள். கையுறை ஏற்றுமதி 2019ல் சுமார் 17 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்), 2021ல் சுமார் 55 பில்லியன், அடுத்த ஆண்டே அதில் பாதிக்கும் கீழே. பெருந்தொற்று ஆண்டை அடிப்படையாக வைத்தால் எந்த நாடும் சரிந்ததாகத்தான் தெரியும்.

[திரை: ஐ.நா.வின் வர்த்தகப் புள்ளிவிவரத் தளமான காம்ட்ரேட். தேர்வுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.]

குரல்: சொந்தமாகக் கணக்கெடுக்க இந்தத் தளம் போதும். சரக்கு, ஆண்டுக் கணக்கு, எச்.எஸ். என்று தேர்ந்தெடுங்கள். அறிக்கை தரும் நாடுகளில் உங்களுக்கு வேண்டியவை. பங்காளி நாடு என்ற பெட்டியில் ‘உலகம்’ மட்டும். அதோடு தனி நாடுகளையும் தேர்ந்தெடுத்துக் கூட்டினால் எல்லாம் இரட்டிப்பாகும். அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். ஏற்றுமதி என்ற வரிசையில் மறு ஏற்றுமதியும் அடங்கியிருக்கும். மறு ஏற்றுமதி தனி வரிசையாகவும் வரும். அதைக் கழிக்க வேண்டும், கூட்டக் கூடாது. தைவான் அந்தப் பெயரில் கிடைக்காது. ‘அதர் ஏஷியா’ என்று 490ஆம் எண்ணில், பங்காளிப் பக்கத்தில் தேடுங்கள்.

நிதியாண்டும் நாணயமும் காலை வாரும். இந்தியாவின் சொந்தக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச், வங்காளதேசம், பாகிஸ்தான் ஜூலை முதல் ஜூன். 2022லிருந்து 2023க்கு மலேசிய ஏற்றுமதி வெள்ளியில் 8 விழுக்காடு இறங்கியது, டாலரில் சுமார் 11. வித்தியாசம் ரிங்கிட்டின் சரிவு.

கடைசியில் எதிர்க்கணக்கு பாருங்கள். மலேசியா ‘இந்தியாவுக்கு அனுப்பினேன்’ என்று சொல்லும் 1511 தொகையை, இந்தியா ‘மலேசியாவிலிருந்து வாங்கினேன்’ என்று சொல்லும் தொகையோடு பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. ஏற்றுமதி பெரும்பாலும் கப்பலில் ஏற்றும்வரை ஆன விலையில் பதிவாகும். இறக்குமதியில் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேரும். டிசம்பர் கடைசி வாரம் பாசிர் கூடாங்கில் ஏறிய எண்ணெய் ஜனவரியில்தான் இந்தியாவின் காண்ட்லா துறைமுகத்தில் இறங்கும். இந்தச் சில விழுக்காட்டு வித்தியாசத்துக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் மதிப்பை எடையால் வகுத்துப் பாருங்கள். தளத்தில் எடை கிலோவில் இருக்கும், 1,000ஆல் வகுத்தால் டன். 2023ல் மலேசியாவில் கச்சா எண்ணெயின் சராசரி விலை டன்னுக்கு 3,809.50 ரிங்கிட், அதாவது 830 டாலர் சுமாருக்கு. உங்கள் கணக்கில் 83 என்றோ 8,300 என்றோ வந்தால் எடைக் கட்டத்தில் பிழை. அந்த நாட்டின் அந்த ஆண்டு வரிசையை நீக்கிவிட்டு, வாங்கிய நாடுகளின் இறக்குமதிக் கணக்கைக் கூட்டி அந்த இடத்தில் போடுங்கள். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டுவையுங்கள்.